மேசைக்கடியில் ஒன்றுமில்லை

அரியலூரில் படங்களுக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வெட்டித் தரும் கடை முத்தமிழ்செல்வனுடையது. திருவிழா வந்துவிட்டால் அவர் 'மாஸ்டர்'. திருமானூரிலிருந்து எறையூர் வரை அவருடைய 'பேசும் தலை'க்குக் கூட்டம் நெரியும்.

வித்தை எல்லாம் கண்ணாடியில்தான். மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைக் கோணம் பார்த்து நிறுத்துவார். பக்கத்துத் திரைகளின் பிம்பம் அவற்றில் விழும். பார்ப்பவர்கள் அதைப் பின்திரை என்று நினைத்துக்கொள்வார்கள். மேசைக்கடியில் ஒன்றுமில்லை என்று சத்தியமே செய்வார்கள். கண்ணாடிகளுக்குப் பின்னால் மணையில் மடங்கி உட்கார்ந்து, மேசை ஓட்டை வழியாகத் தலையை நீட்டியிருப்பாள் அவர் மனைவி ஜோதி.

"மாஸ்டர், எனக்குக் காலு வலிக்குது" என்று தலை சிணுங்கும்.

"காலே இல்லாதவளுக்கு ஏதுடி கால்வலி? வேணும்னா தைலம் தரேன், மூக்குல தடவிக்க!"

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

போன மாசியில் திருமழபாடிப் பக்கம் ஒரு ஊரில் ஆட்டம். ஜோதி அந்த வசனத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சொன்னாள். அவரும் திரும்பப் பதில் சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது. மறுபடி அவள் வாயைத் திறந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தென்றல் அப்பா... கால் வலிக்குது."

வீட்டில் மட்டும் கூப்பிடும் பேர். அவர் காதில் நன்றாகவே விழுந்தது. எதிரே முகங்களெல்லாம் பதிலுக்குக் காத்திருந்தன. தைலத்தை மூக்கில் தடவிக்கொள்ளச் சொன்னார்.

வீடு வந்ததும் கால் வீங்கியிருந்தது. இரண்டாம் நாள் ஜோதி போய்விட்டாள். காலில் உறைந்த ரத்தம் நெஞ்சை அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல இந்தம்மா" என்று மகள் தென்றல் அழும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கிறவள். அம்மாமேல் உள்ள கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

எறையூர் ஆட்டம் முன்பே ஒப்புக்கொண்டது. "நான் உக்காரேன்ப்பா" என்று தென்றல்தான் கிளம்பினாள். கடைக்குப் பின்னால் ஒத்திகை. மணையில் மடங்கி உட்கார்ந்து, தலையை நீட்டி, அம்மா மாதிரியே சிணுங்கினாள்.

"மாஸ்டர், எனக்குக் காலு வலிக்குது."

அவர் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டயலாக் மறந்துட்டியா? மூக்குல தைலம்ப்பா!"

முத்தமிழ்செல்வன் ஒரு பக்கத்துக் கண்ணாடியை இழுத்துச் சுவரில் சாய்த்தார். "எந்திரிச்சு வெளிய வாம்மா."

"எனக்கு நெசமா வலிக்கலப்பா."

"உங்கம்மாவுக்கு நெசமா வலிச்சுது. சொன்னா. மேடையிலயே சொன்னா."

"அது டயலாக்கு தானே."

"மாஸ்டர்னு கூப்பிடல. தென்றல் அப்பான்னு கூப்பிட்டா."

தென்றல் மெல்ல வெளியே வந்தாள். "ஒனக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு."

அவள் அவரைத் தாண்டிப் போய், கூட்டம் உட்காரும் பக்கம் நின்று பார்த்தாள். கண்ணாடி எடுத்த இடத்தில் மணை தெரிந்தது. அதன்மேல் ஜோதி நாலாய் மடித்துப் போட்டிருந்த பழைய சேலை, நடுவில் குழிந்து கிடந்தது.

"அம்மாவ இத்தன நாளும் திட்டிக்கிட்டு இருந்தேனேப்பா" என்றாள்.

அவர் இன்னொரு கண்ணாடியையும் எடுத்துவைத்தார்.