கலைந்த பிறகும் தள்ளும் கல்

கல்லூரி ஆய்வக உதவியாளர் வேலை என்பது அடுத்தவர் கண்டுபிடிப்புக்குத் தூசி தட்டுவது. முதலில் எங்கள் நாற்காலியை எடுத்தார்கள். அடுத்து மதிய ஓய்வை. பிறகு பணி நிரந்தரத்தை. அதன் பிறகு சங்க அறையைப் பூட்டினார்கள். கடைசியாக, செத்த பெண்ணின் பெயரையும் எடுக்கப் பார்த்தார்கள். என்னைப்போல் ஆய்வகங்களில் தேய்ந்த தோழர்களே, அந்தக் கடைசியைத்தான் சொல்கிறேன்.

தடியடி

சகாயமேரி ஆவூர்ப் பெண். எங்கள் புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. நகத்தளவு கருப்புக் கல் ஒன்றை ஆராய்ந்தாள். மாங்கனீஸ் டெல்லூரைடு. ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். உள்ளே எலக்ட்ரான்களின் சுழற்சி ஒன்று மேலே, ஒன்று கீழே என அணிவகுத்து நிற்கும். அந்த அணியில் ஓடும் அலை மின்துகள்களைத் தள்ள, அழுத்தம் கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கே அணி கலைந்துவிடும். கலைந்தால் தள்ளுவதும் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"கம்பி சரியாப் பிடிக்கல" என்று பேராசிரியர் ஒதுக்கினார். கம்பியை மாற்றி மாற்றி அளந்தாள், அதே அளவு. என்னிடம் சிரித்தாள்: "தடியடி நடந்தா ஒங்க ஊர்வலம் வீட்டுக்கா போயிருதுண்ணே? சந்துக்கு நாலு பேரா நின்னு தள்ளுவீங்கள்ல, அதான் இது."

எலுமிச்சம்பழம்

மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். கல்லைக் கருவியிலேயே விட்டு அறையைப் பூட்டினோம். ஒரு நண்பகல் காவலாளி கருப்பையா மூச்சிரைக்க வந்து கூப்பிட்டார். சன்னல் வழியே பார்த்தேன். ஆளில்லை, ஹீட்டர் எரியவில்லை. மீட்டரில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, அவள் உட்கார்ந்து அளக்கும்போது ஏறுமே, அப்படி.

திறந்து பார்த்தால், மீட்டரை யாரும் அணைக்கவில்லை. கல்லின் ஒரு முனையில் வெயில். பேய் இல்லை என்று மேடைமேடையாக முழங்கியவன் நான். காரணம் தெரிந்தும் கை சுவிட்சுக்குப் போகவில்லை. மறுநாள் கருவியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. கருப்பையா சொன்னார்: "அந்தப் புள்ளைக்குப் பயந்து கட்டலைங்க. அது செத்த பிறகும் அது விட்ட வேலையப் பாக்குதே அந்தக் கல்லு, அதுக்குத்தான்."

சாட்சி

வெளியூரில் வேறு ஆய்வகம் அளந்து, அவள் அளவு சரி என்றது. கருத்தரங்கு வைத்தார்கள். திரையில் பேராசிரியர் பெயரும் வேறு இருவர் பெயரும் மட்டும். அவள் அப்பா கடைசி வரிசையில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் பெயரையும் போடும்படி முன்கூட்டியே பேராசிரியரிடம் கேட்டிருந்தேன். "இருக்கிற பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கணும்ல ரெங்கசாமி, செத்தவங்களுக்குப் பேரு எதுக்கு?" என்றார்.

கோரிக்கையைச் சாட்சிகள் முன் உரக்க வாசிப்பது எங்கள் சங்க வழக்கம். எழுந்து நின்று, அளந்தவர் பெயரை வாசித்தேன். அந்த வெளியூர் ஆய்வகத்திலிருந்து வந்திருந்த விஞ்ஞானி பேனாவைத் திறந்தார்: "இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இத்தனை வருடக் கோஷத்தில் மேலிடம் திருப்பிக் கேட்ட ஒரே கோரிக்கை இதுதான்: ஆவூர், ஆ. சகாயமேரி.