பிள்ளைக்கு அடியில் சிவப்பு ரிபன்

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்தவர்களில் ஏரம்பு போல் மாட்டுச் சவாரி என்ற வண்டிப் பந்தயத்துக்காக உருகியவர் வேறு யாருமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்தபோது வழியில் வண்டியை நிறுத்தியதெல்லாம் நாம்பன் மாட்டுச் சோடி இளைப்பாறத்தான், தனக்காக அல்ல என்று அவர் மனைவி சிவனேஸ்வரி இன்றும் சொல்வாள்.

சவாரியில் வென்ற மாடுகளின் கொம்பில் பட்டு ரிபன் கட்டுவார்கள். முதலாம் இடத்துக்குச் சிவப்பு, இரண்டாம் இடத்துக்கு நீலம். ஏரம்புவின் அலுமாரியில் நீலம் நிறைய இருந்தது. சிவப்பு ஒன்றே ஒன்று: ஒட்டுசுட்டான் சவாரியில், எப்போதும் தன்னோடு போட்டிக்கு நிற்கும் வீரகத்தியின் மாடுகளை முந்தி வென்றது. அதைப் பற்றி அவர் பேசாத நாளும் இல்லை, கேட்டுக் கொட்டாவி விடாத அயலவரும் இல்லை.

கோயில் கோயிலாக நேர்த்தி வைத்த பிறகு, 1958இல் மகள் பிறந்தாள். சிவனேஸ்வரி அலுமாரியைத் திறந்தாள். ரிபன்களையெல்லாம் வரிசையாகப் பொருத்தி, தன் பழைய நூல்சேலையை அடியில் மடித்துக் கொடுத்து, பிள்ளைக்கு மெத்தென்று ஒரு போர்வை தைத்தாள். சிவப்பு நட்டநடுவில். வயலிலிருந்து வந்த ஏரம்பு அதைக் கண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

"என்ரை மானமெல்லே அது."

"ரிபன் கட்டினது மாட்டின்ரை கொம்பிலை. மாடே ஒண்டும் சொல்லேல்லை, உங்களுக்கென்ன?"

அடுத்த மாதம் வீரகத்தி தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை கட்டினார். ஒட்டுசுட்டானில் ஏரம்பு இரண்டாவதுதானாம்.

"சிவப்பு ரிபனைக் காட்டட்டும். கடை நடுவிலை நிண்டு தோப்புக்கரணம் போடுறன்."

ஏரம்பு மீசையைத் தடவியபடி கடையில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

காலை முழுவதும் வயிற்றுக்குத்தில் அலறிய பிள்ளை அப்போதுதான் போர்வையில் குப்புறக் கிடந்து உறங்கியிருந்தது. சிவப்பு அதன் வயிற்றுக்கடியில். வெளியே தெரிந்ததெல்லாம் நீலம். ஏரம்பு குனிந்து மெல்லக் கையை உள்ளே கொடுத்தார். பிள்ளையின் கீழுதடு பிதுங்கியது. கையை எடுத்துவிட்டார்.

"என்ன ஏரம்பு, சிவப்பைக் காணேல்லையோ?" என்றார் வாசலில் நின்ற வீரகத்தி.

ஏரம்பு ஒருமுறை மகளைப் பார்த்தார். ஊரெல்லாம் சுமந்து திரிந்த பெருமையை விழுங்கினார்.

"நீலந்தான். போட்டு வாங்கோ," என்று வாசலைக் காட்டினார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்த சிவனேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னியள்? இனி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கப்போகுது."

"முதல் கதவைச் சாத்து," என்று கிசுகிசுத்தார் ஏரம்பு. "அவங்கள் சிரிக்கிற சிரிப்பிலை பிள்ளை எழும்பிப்போடும்."