வைக்கோல்போருக்குள் போன தோழர்

வெள்ளைச் சட்டைக்காரர் யார் தெருவுக்குள் வந்தாலும் என் அத்தான் வீரையனின் வலக்கை தானாகப் போய் இடது தோளைப் பொத்திக்கொள்ளும். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். போலீஸ் தடிக்கு ஓடாதவர். பண்ணையார் எதிரே வந்தாலும் தோள் துண்டை இறக்காதவர். ஊசி என்றால் மட்டும் ஆகாது.

ஆட்சி மாறிய மறுவருஷம், தை அறுவடை. கூலி கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே வயலில் இறங்காமல் நின்றது. பண்ணையார் பஞ்சநதம் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்கள் அறுத்துவிட்டால் அந்த வருஷம் எங்களுக்கு நெல் இல்லை.

அப்போது அக்கம்பக்கத்தில் காலரா என்று பேச்சு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஊசி போட ஹெல்த் இன்ஸ்பெக்டர் களத்துக்கே வந்துவிட்டார். சங்கத் தலைவர் காயாரோகணத்துக்குப் பொறுக்கவில்லை.

"வந்தவனுக்கு ஊசி, ஊர்க்காரனுக்கு இல்லையா? நாங்க மனுசங்க இல்லையா சார்?"

"அவங்க ஊர் விட்டு ஊர் வந்தவங்கய்யா. அதான் கூடுதலா..."

"எங்களுக்கும் போடுங்க. போடாம நகர விடமாட்டோம்!"

கோஷம் போட்டு வாங்கிய ஊசி அது. முன்வரிசையில் நின்ற அத்தானைத் தேடினால், கொடி மட்டும் வரப்பில் குத்தி நின்றது. ஆள் வைக்கோல்போருக்குள்.

மறுநாள் வந்தவர்களுக்கும் எங்களுக்கும் காய்ச்சல். இடது தோள் வீங்கி, நெல்தாளைப் பிடிக்கக் கை எழவில்லை. வலக்கையில் அரிவாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியூர்க்காரர்கள் காலராவே வந்துவிட்டது என்று பயந்து லாரியேறிப் போய்விட்டார்கள். வானம் மூடியிருந்தது. நனைந்தால் கதிர் முளைத்துவிடும். பண்ணையார் முதல்முறையாக எங்கள் தெருவுக்கு வந்தார்.

"வீரையா, நீ ஒருத்தனாவது இறங்குடா."

"ஒருத்தனா எவ்வளவுங்க அறுப்பேன்? கேட்ட கூலிய ஒத்துக்கங்க. இன்னிக்கே நான் இறங்குறேன். இவங்க காய்ச்சல் விட்டதும் எல்லாரும் வருவாங்க."

ஒத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் காயாரோகணம், "போராட்டத்துக்காகவே ஊசியை மறுத்த தோழர்" என்று அத்தானுக்கு மாலை போட்டார். ஊசி கேட்டு மறித்தவரே அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அக்கா மட்டும், "தோழருக்கு முதுகுல இன்னும் வைக்கோல் ஒட்டியிருக்கு, தட்டிவிடுங்க" என்றாள்.

மாசியில் காலரா நிஜமாகவே எங்கள் தெருவுக்கு வந்தது. படுத்தது அத்தான் ஒருவர்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினார்கள்.

இப்போது வயலில் மெஷின் அறுக்கிறது. ஊசி போட நர்சம்மா வந்தால் எங்கள் தெருவில் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றி நிற்பவர் அத்தான். தோளைப் பொத்திய கையை மட்டும் அக்காதான் எடுத்துவிட வேண்டியிருக்கிறது.