சத்திரத்துச் சுவரில் ஒரு படம்

மெட்ராஸ் ரயிலிலிருந்து டிராயிங் சார் இறங்கியபோது, கொண்டுபோன வேட்டிகளெல்லாம் படங்களைச் சுற்றியிருந்தன. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். அவர் என் சிநேகிதர். விடுமுறைதோறும் மெட்ராஸ் மியூசியத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்து, அங்குள்ள சித்திரங்களை அப்படியே பிரதி எடுத்து வருவார். “மெட்ராஸ் போகக் கொடுத்துவைக்காத சனங்க. மியூசியம் இங்கன வரட்டும்” என்பார்.

யுத்த காலம். சாரல் சமயத்தில் குற்றாலத்துக்கு ஊரே வருமென்று, அங்கே ஒரு சத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படங்களை மாட்டினோம். திறப்பதற்குள் காலரா வந்துவிட்டது. சத்திரத்தை நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். படங்களைக் கழற்ற அவகாசமில்லை. அவற்றின் கீழேயே பாய்களை விரித்தார்கள். சத்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, உறவினர்களை அதற்கு வெளியிலேயே நிறுத்தினார்கள்.

சாரும் நானும் கஞ்சித்தண்ணீர் கொடுக்கப் போனோம். குத்துக்கல்வலசையில் வாழ்க்கைப்பட்ட சிறுபெண் ஒருத்தி, கண்கள் குழிந்து, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சன்னலோரம் ஒரு பெண் நிற்கும் படம் அங்கே தொங்கியது.

“அந்தப் பொம்பள யாருக்காவ நிக்கா, ஐயா?”

சார் சற்று யோசித்தார். “வீட்டுக்காரருக்காவ நிக்கா, தாயி.”

“வந்திருவாவளா?”

“வந்திருவாரு.”

அவள் புருஷன் அப்போது கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே விடச்சொல்லி சார் எவ்வளவோ மன்றாடியும் அதிகாரி இணங்கவில்லை. மத்தியானம் அவள் போய்விட்டாள்.

நோய் அடங்கியதும் பாய்களோடு படங்களையும் எரிக்க உத்தரவானது. சாரே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். கடைசிப் படம் எரிந்து முடியும்வரை நகரவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் புருஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மனைவி கடைசியாக ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்களாம். அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான். எரித்துவிட்டார்கள் என்று சார் சொன்னார்.

அவன் போகாமல் நின்றான். “அதுல என்ன இருந்துது, ஐயா?”

“சன்னல்ல ஒரு பொம்பள நின்னா.”

“யாரைப் பாத்து?”

சார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“யாரையும் இல்லப்பா” என்றார். “சும்மாதான் நின்னா.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு எந்த விடுமுறைக்கும் சார் மெட்ராஸ் ரயில் ஏறவில்லை.