"வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்

எங்கள் வீட்டில் யாராவது "போறன்" என்று சொன்னால் அம்மாவின் முகம் கறுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாலும் சரி, முன்கடைக்குப் பாண் வாங்கப் புறப்பட்டாலும் சரி, வாசலில் நின்று "வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். அவசரத்தில் வாய் தவறினால் அம்மா திரும்ப உள்ளே கூப்பிடுவார். ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, சரியான சொல்லைச் சொல்ல வைத்து, அதன் பிறகுதான் வெளியே விடுவார். பல தமிழ் வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது சட்டம். வேடிக்கை என்னவென்றால், அதே அம்மா பஸ்ஸில் ஏறினதும் கொண்டக்டரிடம் "வெள்ளவத்த யனவா" என்று, வெள்ளவத்தைக்குப் போகிறேன் என்பதைச் சிங்களத்தில் தாராளமாகச் சொல்லுவார். எமனுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருப்பார் போல.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனார். கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு கிட்டங்கியில் கிளார்க்காக இருந்தார். அன்று மாலை அவர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளில் இது நடக்காத விஷயம் அல்ல. அம்மா பொலிசுக்குப் போனார், முகாம்களுக்குப் போனார், தெரிந்தவர்களிடமும் அவர்களுக்குத் தெரிந்தவர்களிடமும் போனார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போனார். சைவப் பெண்தான், ஆனால் காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

அப்பா புறப்பட்டபோது நான் தூக்கத்தில் இருந்தேன். அதனால் அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டேன்.

"அப்பா என்ன சொல்லிட்டுப் போனவர்?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர், பிள்ளை."

எனக்கு அது போதுமாக இருந்தது. வாறன் என்றால் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வழியில் இருக்கிறார். கொழும்பில் பஸ் சுணங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வெளியே புறப்படுகிறவரும் "வாறன்" என்கிறார். யாராவது கதவைத் தட்டினால் உள்ளே இருக்கிறவரும் "வாறன், வாறன்" என்கிறார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு கதவுக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். நான் எழுதியதெல்லாம் இந்த ஒரு கதவைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கந்தோர் வேலை முடிந்து அம்மா வரும்வரை நான் தனியாகத்தான் இருப்பேன். கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டின வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. தெருவில் ஒரு கதவு, பின்னால் குசினியில் ஒரு ஜன்னல், நடுவில் பகலிலும் லைட் போட வேண்டிய நீண்ட நடை. நான் லைட் போடமாட்டேன். சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன். கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். தெருவில் போகிறவர்களின் கால்கள் அதை மறைத்து மறைத்துப் போகும். தூரத்தில் கப்பல் ஊதும். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று எனக்கே தெரியாத ஒரு நேரம் வரும். அப்போது ஒரு சோடிக் கால்கள் மட்டும் போகாமல் எங்கள் கதவின் முன்னால் நிற்கும்.

"வாறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்பி நடப்பேன். நடக்க நடக்க நடை நீண்டுகொண்டே போகும். சுவரில் இருந்த கலண்டரைத் தாண்டுவேன், திரும்பவும் அதே கலண்டர் வரும். கால்கள் பொறுமையாக நிற்கும். கப்பல் இன்னொரு தரம் ஊதும். பிறகு பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்கும். அம்மா பையோடு உள்ளே வருவார். நான் தரையில்தான் கிடப்பேன், கன்னத்தில் சீமெந்தின் தடம் பதிந்திருக்கும்.

அது எனக்குப் பயமாக இருக்கவில்லை. இதைத்தான் யாரும் நம்புகிறார்கள் இல்லை. அந்த மத்தியானங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். வாசலில் ஒருவர் நின்றாரே.

என்னுடைய முதல் கதையில் ஒருவர் பல வருடங்களுக்குப் பிறகு தன் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் "வாறன்" என்கிறது. கதவு திறக்கிறது, நிற்பது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். மனைவி எப்போதோ வீடு மாறிப் போய்விட்டாள். அவளுடைய குரல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவர் ஒவ்வொரு மாலையும் வந்து தட்டுகிறார், குரல் ஒவ்வொரு மாலையும் பதில் சொல்கிறது. அந்தக் கதையை ஒரு சஞ்சிகை போட்டது. வாசித்தவர்கள் நித்திரை வரவில்லை என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் பிறகு எழுதியவற்றில் சாமான் வேறு, சமையல் ஒன்றுதான். ஒருத்தி வீட்டை விற்கிறாள், வாங்கினவர்கள் கிணற்றுக்குள் கப்பல் ஊதும் சத்தம் கேட்கிறார்கள். இன்னொருத்தி பூட்டை மாற்றுகிறாள், மறுநாள் அவளுக்கே அது திறக்கவில்லை. என் கதைகளில் வீடு மாறின பெண் எவளும் நன்றாக இருந்ததில்லை.

கூட்டங்களில் யாராவது எழும்பி, "இவ்வளவு இருட்டாக எழுதுகிறீர்களே, உங்கள் வாழ்க்கையில் ஏதாவது துன்பமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துன்பம்தான் எழுத்தாளரை உண்டாக்கும் என்றால் எங்கள் தெருவில் இருந்தே ஒரு நூலகத்தை நிரப்பியிருக்கலாம். அப்பா வராத வீடு எங்களுடையது மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகள் வங்கியிலும் வெளிநாட்டிலும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். நான்தான் தரையில் படுத்துக்கிடந்தேன்.

அம்மா என் கதைகளை வாசிப்பதில்லை. சஞ்சிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைப்பார். "வாசிச்சனீங்களோ?" என்று கேட்டால், "எழுத்துச் சின்னனாக் கிடக்குது, பிள்ளை" என்பார். எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. காலையில் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிற மனுசிக்கு அந்தக் கதைகள் எதற்கு?

நான் வெள்ளவத்தைக்கு வந்து கனகாலம் ஆகிறது. ஃபிளாட்டில் ஓர் அறை அம்மாவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதன் ஜன்னலில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியும், கரையோர ரயில் போனால் கட்டில் மெதுவாக அதிரும். அம்மா வருவார், மத்தியானம் சாப்பிடுவார், பின்னேரம் "வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவார். அப்பாவுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான் என்பதால்தான் அம்மா அந்த வீட்டை விடுகிறார் இல்லை என்று நான் நினைத்தேன். அதனால் அதிகம் வற்புறுத்தவும் இல்லை.

போன வருடம் வீட்டுச் சொந்தக்காரர் அந்த வரிசையை முழுதாக விற்றுவிட்டார். உடைத்து மாடி கட்டப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். கதவில்லாத வீடுகளின் நடுவில் அம்மாவின் வீடு மட்டும் கதவோடு நின்றது. எப்போது வருகிறீர்கள் என்று நான் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பாப்பம்" என்றார். அந்த வயதில், அந்தத் தெருவில், தனியாக ஒரு மனுசி. எனக்கு நித்திரை போய்விட்டது.

ஒரு நாள் மத்தியானம் முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். வெயில் தெருவில் தூசியோடு சேர்ந்து மஞ்சளாக நின்றது. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கதவைத் தட்டினேன்.

"வாறன், வாறன்" என்று அம்மாவின் குரல் கேட்டது.

நின்றேன். யாரும் வரவில்லை. திரும்பவும் தட்டினேன். "வாறன்" என்று அதே குரல், அதே தூரத்திலிருந்து. நான் எழுதின கதைக்குள்ளேயே வெளியில் நிற்கிறேன் என்று தோன்றியது. கைப்பையில் இருந்த திறப்பைத் தேடி எடுத்துத் திறந்தேன். அம்மா நடையில், லைட் போடாத இருட்டில், சீமெந்துத் தரையில் கன்னம் பட விழுந்து கிடந்தார். எழும்ப முடியவில்லை. கதவைத் தட்டின ஆளுக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எலும்பு முறியவில்லை, கால் சுளுக்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். திரும்பி வந்து அவரைக் கட்டிலில் இருத்தி, தேநீர் போட்டுக் கொடுத்தேன். பயம் இறங்கின பிறகு எனக்குக் கோபம் ஏறியது.

"இனி ஒரு நாளும் உங்களை இஞ்ச தனிய விடமாட்டன்."

"பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது? அப்பா வரப்போறேல்லை, அம்மா!"

அந்த வசனத்தை எங்கள் வீட்டில் அதற்கு முன்னர் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா தேநீரை ஊதினார்.

"எனக்குத் தெரியாதோ?" என்றார்.

"அப்ப ஏன் இந்த வீட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"நீதானே எழுதினனீ."

"என்னத்தை?"

"அவள் வீடு மாறிப்போட்டாள், மனுசன் வந்து தட்டுறார், ஆரோ சனம் திறக்குது எண்டு. ஒண்டில்லை, எல்லாக் கதையிலயும் வீடு மாறினவளுக்குத்தான் அடி. பிள்ளை இன்னும் தகப்பனைப் பாத்துக்கொண்டு இருக்குது எண்டு விளங்கிச்சுது. நான் எப்பிடி வீட்டை விட்டுட்டு வாறது? உன்ர முகத்தில முழிக்கிறேல்லையோ?"

"நீங்கள் வாசிக்கிறேல்லை எண்டெல்லோ நினைச்சனான்."

"வாசிச்சனான் எண்டு தெரிஞ்சால் நீ எழுதுறதை விட்டிடுவாய்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "நீங்கள் காத்துக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டுதான் நான் எழுதினனான், அம்மா. வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை."

வெளியே யாரோ பக்கத்து வீட்டு ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. அதுக்கு ஒரு சண்டை. 'நான் போறன்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிப் போயிட்டார். திருப்பிக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம். கோவத்தில கூப்பிடேல்லை. அடுத்த நாள் விடிய நீ எழும்பி வந்து கேட்டனீ. ஏழு வயசுப் பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?"

என் புத்தகங்கள் முழுவதும் அப்பாவின் சொல்லில் நிற்கின்றன என்று நம்பியிருந்தேன். அது அம்மாவின் சொல். ஒரு காலை வேளையில், நான் அழுதுவிடாமல் இருக்க, வாய்க்கு வந்ததை எடுத்துத் தந்திருக்கிறார். நான் அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பேய்களைக் குடியேற்றினேன். அந்தப் பேய்கள் திரும்பி வந்து அவரையே வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டன. வாசலில் தண்ணீர் குடிக்க வைக்கிற அந்தச் சட்டம் எப்போதிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அழுதேன். அம்மா அழவில்லை. "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தேநீரைக் குடித்து முடித்தார்.

அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோ ஒன்றைப் பிடித்துவந்தேன். சாமான்கள் முந்தின நாளே போய்விட்டன. வெறும் வீட்டில் நடை இன்னும் நீளமாகத் தெரிந்தது. கலண்டர் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது. காலில் பண்டேஜோடு அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"நாங்கள் போறம்" என்றார். தமிழில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

என் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பழக்கத்தில் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.