கான்வாயில் இருந்த இடம்

இரத்தினம்மாவுக்கு வாவியில் ஒரு இடம் இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் எங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு இடம். வீட்டில் ஒருத்தியாவது வந்துகொண்டிருந்தால் அதில் வேறு எவரும் குந்தமாட்டார்கள். வெறுமையாக விட்டால் கைமாறிவிடும்.

அவளுடையது தாய் விட்டுப்போன இடம். பிறகுதான் கரையில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி வந்தது. அதன் கழிவுநீர் ஓடும் கானின் வாய் சரியாக அந்த இடத்தில் வாவிக்குள் திறந்தது. தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும். ஆனால் இறால் அங்கேதான் கூடக் கிடைக்கும்.

"மருந்துத் தண்ணியில குந்துறவளுக்கு என்ன வருத்தம் வரப்போகுது, மாமி?" என்று என்னைச் சீண்டுவாள்.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். காயமென்றால் அயலார் என்னிடம் வருவார்கள். இரத்தினம்மா வரமாட்டாள். இறால் முள் குத்தினால், வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கப்சூலை உடைத்துத் தூளைக் கொட்டிக் கட்டிவிடுவாள்.

போன மாரிக்கு முன் வலது சுட்டுவிரலில் குத்தியது. இந்தமுறை தூளுக்குக் காயம் ஆறவில்லை. என்னிடம் வந்தபோது கை மணிக்கட்டுவரை வீங்கி, சிவந்த கோடொன்று முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. நான் கட்டை அவிழ்த்துப் பார்த்ததோடு சரி. உடனே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

முதல் மருந்தை ஏற்றினார்கள். வீக்கம் முழங்கையைத் தாண்டியது. மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. சீழைச் சோதித்த பிறகு டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"நாங்க குடுத்த மருந்தெல்லாம் இந்தக் கிருமிக்குப் பழகிப்போச்சு, அம்மா. இனி ஒண்டுதான் இருக்கு. அதுவும் கேக்காட்டி கையை எடுக்கவேண்டி வரும்."

"கிருமி எங்கயிருந்து வந்தது, டொக்டர்? அவ கான்வாயில குந்துறவ."

"கழிவுத் தண்ணியில மருந்தும் கிருமியும் சேந்து கிடந்தா, தப்பிப் பிழைக்கிற கிருமி இப்பிடித்தான் வரும். அரைகுறையா மருந்து பாவிச்சாலும் வரும். ஆனா இது அங்கயிருந்துதான் வந்தது எண்டு என்னால சொல்லேலாது."

இரத்தினம்மாவிடம் அப்படியே சொன்னேன். பொய் சொல்லித் தேற்றுவது எனக்குப் பழக்கமில்லை. கலங்கிய தண்ணீருக்குள் அவளுக்குக் கண் அந்தக் கைதான். புருஷன் தங்கராசா கட்டிலின் காலைப் பிடித்தபடி நின்றான்.

பின்னேரம் மகள் கம்சாயினி சோறு கொண்டுவந்தாள். பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது.

"என்னடி அது?"

"ஒண்டுமில்லம்மா. இறால் முள்ளு."

"எங்க குந்தின நீ?"

"நம்மட இடத்திலதான். ஆள் இல்லாட்டி ஆராவது புடிச்சிருவாங்க."

மருந்துக் குழாயோடு இரத்தினம்மா எழும்பிவிட்டாள். தன் கைக்கு அழாதவள் அப்போதுதான் அழுதாள். "ஆரும் புடிக்கட்டும்!" என்று கத்தியவள், மறுகணம் புருஷனைப் பார்த்து, "இல்ல, ஆரும் குந்தக்கூடா. முள்ளுக் கொப்பு வெட்டிப் போட்டு அடைங்க" என்றாள்.

நான் சீலையை அவிழ்த்தேன். உள்ளே வெள்ளைத் தூள்.

"கப்சூல் உடைச்சியா?"

"அம்மா செய்யிறதுதானே, ஆச்சி."

சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவளையும் டொக்டரிடம் காட்டினேன். அவளுடைய காயம் ஆறியது. தாய்க்குக் கடைசி மருந்து மெல்ல மெல்லக் கேட்டது. கை தப்பியது, சுட்டுவிரல் போயிற்று. மிஞ்சிய விரல்கள் இறாலையும் சுள்ளியையும் பிரித்தறியவில்லை. இப்போது செங்கலடிச் சந்தையில் மற்றவர்கள் பிடித்த இறாலை விற்கிறாள். விடிந்ததும் மகளை வாசலுக்குக் கூப்பிட்டு, அந்தப் பெருவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

கானைப் பற்றிப் பிரைவேட் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். தண்ணீர் இன்னும் விழுகிறது.

தங்கராசா முள்ளுக் கொப்பு வெட்டி அடைத்துத்தான் இருந்தான். போன கிழமை அந்தப் பக்கம் போனேன். கொப்புகள் கரையில் காய்ந்து கிடந்தன. கான்வாயில் ஒரு தலை தெரிந்தது.

"ஆரது? வெளியில வா புள்ள!"

தலை திரும்பியது. முகம் எனக்குப் பழக்கமில்லை.

"வெறும் இடம்தானே, மாமி?" என்றாள். கையை உயர்த்தி, பிடித்த இறாலை எனக்குக் காட்டினாள்.