தெள்ளுத் தொட்டியில் ஊற்றிய ஆரத்தி

இதை ஊரறிய எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி பேரைச் சொல்லிச் செய்த தவறு என்பதால் கூச்சம். மீன் பண்ணை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவுமே என்று இப்போது எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் புதிதாகத் தோண்டிய மீன் குளத்துக்கு நான்தான் காவல், நான்தான் வேலையாள். கெண்டைக் குஞ்சுகள் படவேடு வரை பஸ்ஸிலும், அங்கிருந்து தலைச்சுமையாகப் பானையிலும் வந்தன. ஒவ்வொன்றும் மயிரிழை கனம். வயிற்றில் இருக்கும் மஞ்சள் பை வற்றும்வரை இரை வேண்டாம். வற்றிவிட்டால், உயிரோடு நெளியும் இரை வாய்க்கு எதிரே இருந்தாக வேண்டும். அதற்காகச் சிமெண்டுத் தொட்டி ஒன்றில் சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊறப்போட்டு, தண்ணீர்த் தெள்ளு என்ற பொடிப்பூச்சியை வளர்த்து வைத்திருந்தேன்.

குஞ்சுகள் வந்தது வெள்ளிக்கிழமை. இத்தனை ஆயிரம் பிள்ளைகள் வருகிறார்களே என்று தட்டு போதாமல் ஒரு தவலை நிறைய ஆரத்தி கரைத்தேன். மஞ்சளுக்கு ஏற்றபடி சுண்ணாம்பும் தாராளம். சுற்றி முடித்த தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்றக் கூடாதே! பண்ணையில் கால்படாத இடம் தெள்ளுத் தொட்டிதான். முருகனை நினைத்து அதில் ஊற்றினேன். குஞ்சுகளை வேறொரு தொட்டியில் விட்டேன்.

காலையில் தொட்டியில் ஓர் அசைவு இல்லை. தெள்ளு அத்தனையும் அடியில் படிந்து கிடந்தது. குஞ்சுகளின் மஞ்சள் பையோ மாலைக்குள் வற்றிவிடும்.

பக்கத்துக் கொல்லையில் சாமை விதைக்கும் காளியம்மா சாணம் கொண்டுவந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, தொட்டி செவந்து கெடக்குது?"

"ஆரத்தி ஊத்தினேம்மா."

"சுண்ணாம்போடவா? வெத்தலைல கொஞ்சம் ஜாஸ்தியானாலே நமக்கு நாக்கு வெந்துபோவுது. பூச்சி தாங்குமா?" என்றவள், "எங்க மாட்டுக் குட்டையில இதே பூச்சி நெறைய நெளியுது. வாங்க, மொண்டுக்கலாம்" என்றாள்.

குட்டைத் தண்ணீரை அப்படியே விட முடியாது. குஞ்சைத் தின்னும் வண்டும் அதில் இருக்கும். முதலில் கொசுவலையில் வடித்தால் வண்டு தங்கும். அடுத்து மெல்லிய துணியில் வடித்தால் தெள்ளு தங்கும். கொசுவலை இருந்தது. மெல்லிய துணி என்று என்னிடம் இருந்ததோ பூஜைக்கு மட்டும் கட்டும் மல்வேட்டி. அதில் மாட்டு மூத்திரத் தண்ணீரையா வடிப்பது? கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காளியம்மா சிரித்துவிட்டாள். "பச்சப் புள்ளைங்க பசியில கெடக்குது, நீங்க வேட்டிய கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க! சாமி கேட்டா எம் பேரச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

விரித்துப் பிடித்தேன். வடிந்ததும் நடுவில் தெள்ளு பொடிப்பொடியாகத் துடித்தது. கொண்டுபோய்க் குஞ்சுத் தொட்டியில் அலசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குஞ்சு வளைந்து பாய்ந்தது. அதன் கண்ணாடி வயிற்றுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கைகூப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த மீன்துறை இன்ஸ்பெக்டர் விஷயம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், தெள்ளு வெயில்ல செத்துதுன்னு ரிப்போர்ட் எழுதிடு. ஆரத்தி ஊத்திக் கொன்னேன்னு எழுதினா ஆபீஸ்ல மானம் போய்டும்."

"போவட்டுங்க சார். வெயில்னு எழுதினா, அடுத்து வர்றவன் பந்தலப் போட்டுட்டுச் சுண்ணாம்ப ஊத்துவான்."

அவர் பேனாவை என்னிடமே நீட்டினார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். நீங்களும் யாருக்காவது இதைச் சொன்னால், எனக்காக இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்லுங்கள்.